இடது கால் மெட்டி

ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். என் அப்பா அப்படித்தான். பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு பனிமலை முகாமில் கால் விறைத்துப் போனதாம், அதிலிருந்து பழகிவிட்டதாம். குளிக்கப் போகும்போது கழற்றுவார். வந்ததும் ஈரத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி மாட்டிவிடுவார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்பாவின் முகம், கை, முதுகுத் தழும்பு எல்லாம் எனக்கு மனப்பாடம், கால் மட்டும் தெரியாது. போன வருஷம் ஆகஸ்டில் அவர் அந்தக் காலை ஒரு பள்ளிக்கூட மேடையில் ஊரே பார்க்கக் காட்டினார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அம்மாவின் காலில் இருந்து ஆரம்பித்தால்தான் கதை சரியாக வரும்.

அப்பாவை ஊரில் மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள். மீசையையும் நடையையும் பார்த்துவிட்டு, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஒருத்தரையும் சுட்டதில்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்சிங் வேலை அவருக்கு. அடிபட்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவார், ஊசி போடுவார், வலி தாங்காமல் துடிக்கிறவர்களைப் பிடித்துக்கொள்வார். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் கிழக்கு எல்லையில் இருந்தார். பிறகு ஓய்வுபெற்று வந்து இங்கே ஒரு நூல் மில்லின் டிஸ்பென்சரியில் மீசை நரைக்கிறவரை வேலை பார்த்தார். அதுவும் முடிந்த பிறகு எங்கள் வீட்டு முன்னறையே டிஸ்பென்சரி ஆகிவிட்டது. தறியில் விரல் நசுங்கினவர், மாடு முட்டினவர், பைக்கில் விழுந்தவர், எல்லாரும் முதலில் அங்கேதான் வந்து உட்காருவார்கள்.

அம்மா சத்திரப்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பெண். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறார்களே, மெல்லிசான பேண்டேஜ் துணி, அந்தப் பக்கத்தில் அதுதான் பிழைப்பு. அப்பா வீட்டிலும் தறி உண்டு. எங்கள் வீடு இருப்பதும் சத்திரப்பட்டி ரோட்டில்தான். வெளுத்த துணியை நீளநீளமாக வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். அம்மாவின் கட்டிலில் படுத்தால் ஜன்னல் முழுக்க அந்த வெள்ளை தெரியும். ஆடிக் காற்றில் அது எழும்பி எழும்பி அடங்கும்போது, வீடுதான் நகர்கிறதோ என்று தோன்றும். நான் பிறந்து கண் விழித்ததே அந்த ஜன்னலுக்குக் கீழேதான் என்பாள் அம்மா.

நான் வாக்கப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். தேரடி பக்கம் ஒரு சின்ன தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைப்பதில் எனக்கு நல்ல பேர், வாய் விஷயத்தில் அவ்வளவு நல்ல பேர் இல்லை. போன ஆடிப்பூரத்துக்குத் தேர் ஓடி முடிந்து, ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த ஒரு மத்தியானம், அப்பா போன் செய்தார். அவர் போன் செய்கிற ஆளே இல்லை. செய்தாலும் வயர்லெஸ்ஸில் பேசுவதுபோலக் கத்திவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்குக் கத்தவில்லை. அம்மா காலைப் பார்க்க விடமாட்டேன் என்கிறாள், நீ வா, என்று மட்டும் சொன்னார். ஊசியில் கோத்த நூலை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மா கட்டிலில் சேலைக்குள் காலை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், காப்பி போடவா என்றாள். நான் சேலையை விலக்கி, காலில் சுற்றியிருந்த பழைய துணியைப் பிரித்தேன். இடது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. வலது கால் மெட்டி தேய்ந்து தானாக விழுந்து வெகுகாலம் ஆயிற்று, கல்யாணத்தன்று அப்பா போட்டதில் மிச்சம் இது ஒன்றுதான். விளிம்பெல்லாம் கறுப்பு. மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசி வைத்திருக்கிறாள். சர்க்கரை உடம்பு. ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிற மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மஞ்சள் பூசியிருக்கிறாள்! வாசற்படியில் நின்றிருந்த அப்பா, வாடையை வைத்தே தெரிந்துகொண்டேன், கேட்டால் காலைக் காட்ட மறுக்கிறாள், என்றார். சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் நானுமாக அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு டவுனில் ஒரு டாக்டரிடம் போனோம். சின்ன வயது டாக்டர், நல்ல மாதிரியாகப் பேசினார். அந்த விரலும் பக்கத்து விரலும் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் பாதம் போகும், இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவரைக் கும்பிடலாம். அம்மா அடுத்த வீட்டுக்காரியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"விரல மெட்டியோட எடுப்பியளா? இல்ல, மெட்டியக் கழட்டிட்டு எடுப்பியளா?"

டாக்டர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மெட்டியை முதலில் எடுத்துவிட வேண்டும், இந்தப் புண்ணே அதனால்தான் வந்திருக்கிறது, வராவிட்டால் கட்டரால் வெட்டி எடுத்துவிடலாம் என்று விளக்கினார்.

"அப்ப வேண்டாம்" என்று அம்மா மேஜையிலிருந்து இறங்கினாள்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். செத்துப் போவாய், புரிகிறதா என்றேன். ஒரு வெள்ளி வளையத்துக்காகச் செத்துப் போகிறாயா என்றேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அவிய உசுரோட இருக்கும்போது மெட்டியைக் கழற்றினவள் என்ற பேர் எனக்கு வேண்டாம், அன்றைக்கே கழற்றாதவள் இன்றைக்கா கழற்றுவேன் என்றாள். அவிய என்றால் அப்பா. அவர் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார், திரும்பவே இல்லை.

அன்றைக்கு என்று அவள் சொன்னது எனக்குத் தெரிந்த கதைதான். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டை முடிந்த தை மாசம். அம்மாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, மாமியார் வீட்டில் இருந்தாள். அப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்போது சேத்தூர்க்காரர் ஒருவர், அவரும் பட்டாளம், லீவில் வந்தவர், ஒரு சேதி கொண்டுவந்தார். அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக் கூடாரத்தின் மேல் குண்டு விழுந்ததாம், உள்ளே இருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லையாம். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னார். காயம் பட்டவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அதற்கு முந்தின நாளே அப்பா வேறு ஊருக்குப் போய்விட்டதும், அங்கே விஷக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்ததும் யாருக்குத் தெரியும்?

வீடு அழுதது. அழுது ஓய்ந்ததும் தெருப் பெண்கள் சடங்குக்கு வந்தார்கள். புருஷன் போனால் பூவையும் பொட்டையும் எடுப்பார்கள், கால் மெட்டியைக் கழற்றுவார்கள். அம்மா போய்த் தறியில் உட்கார்ந்துகொண்டாள். அது குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டியிருக்கும், நெய்கிறவர் அதற்குள் காலை விட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். பள்ளத்துக்குள் இருக்கிற காலில் யார் மெட்டியைக் கழற்ற முடியும்? சுற்றி நின்று கூப்பிட்டார்களாம், திட்டினார்களாம், பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்களாம். அம்மா நெய்துகொண்டே இருந்தாள். பலகையை மிதிக்கிறபோதெல்லாம் மெட்டி தட்டி டக்கு டக்கென்று சத்தம் வருமாம். அந்தச் சத்தம் கேட்கிறவரை அவிய இருக்காக என்று நினைத்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். பொழுது விடிந்தால் தறி, அடைந்தால்தான் வெளியே. அப்படிப் பல நாள். கடைசியில் அப்பாவைப் பெற்றவளே மனசு இரங்கி, அவள விட்ருங்கட்டி, அவ இஷ்டம் போல இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஊரில் ஒரு குஞ்சும் நம்பவில்லை. சித்திரையில் அப்பா தகரப் பெட்டியும் கையுமாக வந்து இறங்கினபோது, இளைத்துப் போயிருந்த அவரை முதலில் யாருக்கும் அடையாளமே தெரியவில்லையாம். அம்மா தறியிலிருந்து எழுந்து வந்து, சாப்பிட்டியளா என்று கேட்டாளாம்.

சின்ன வயதில் இந்தக் கதையை ஆசை ஆசையாகக் கேட்பேன். போன ஆடியில் அது எனக்கு விஷமாக இருந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். மேற்கே மலை தெரியாதபடி மேகம் இறங்கி நின்றது. அவ்வப்போது சாரல் வரும், போகும். துணி காயப் போடுகிறவர்கள் ஓடி ஓடி எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். காலையில் அப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, தட்டில் மருந்தும் பஞ்சும் பேண்டேஜுமாக வந்து, அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். மெட்டியைத் தொடக்கூடாது என்ற கட்டளையோடுதான் அதற்கே சம்மதித்திருந்தாள். அதைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். இருவரும் பேசமாட்டார்கள். வெளியிலிருந்து வெளுத்த துணியின் ஈர வாசனை வரும். பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கே கண் சொருகும், எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று மறந்துபோகும்.

டாக்டர் மாத்திரையும் ஊசியும் கொடுத்திருந்தார். அப்பா நேரம் தவறாமல் போட்டார். ஆனாலும் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சலில் அம்மா வேறெங்கேயோ போய்வந்தாள். ஜன்னலைக் காட்டி, எம்புட்டுப் பனி பாருட்டி, அவியளுக்குக் கால் விறைக்குமே என்பாள். தறிச் சத்தம் ஏன் நின்றுபோச்சு என்று கேட்பாள். பக்கத்துப் பட்டறையில் பவர்லூம் இரைந்துகொண்டுதான் இருக்கும். அவளுக்கு அது கேட்காது, வேறு ஏதோ சத்தத்தைத் தேடுவாள். போர்வைக்குள் அவள் கால் மெள்ள மெள்ள மிதிக்கும். மிதிக்கிறபோது வலியில் முகம் சுருங்கும். அப்போதும் மிதிப்பாள்.

இதற்கு நடுவில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி, சண்டையில் இருந்த முன்னாள் ராணுவத்தினருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம், அப்பாதான் விளக்கேற்ற வேண்டுமாம். அப்பா, முடியாது, வீட்டில் ஆள் சுகமில்லை என்றார். உள்ளே இருந்து அம்மா, வருவாகன்னு சொல்லுங்க என்று குரல் கொடுத்தாள். காய்ச்சலெல்லாம் எங்கே போனதோ! பீரோவிலிருந்து அப்பாவின் பழைய கோட்டை எடுக்கச் சொன்னாள். மெடல்களைத் தட்டில் கொட்டி, புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாள். நான் தேய்த்தது சரியில்லை என்று கட்டிலில் சாய்ந்தபடியே வாங்கித் தானே தேய்த்தாள். எத்தனை வருஷமாயிற்று, ஒருத்தராவது அவியளைக் கூப்பிட்டு ஒரு மாலை போட்டார்களா, இப்போதாவது கூப்பிட்டார்களே என்று அவளுக்கு. அப்பாவோ கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கறுப்பு பக்கத்து விரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நாளைக்குள் கூட்டிவாருங்கள், அதற்கப்புறம் என்னிடம் வந்து பயனில்லை என்றார். நான் அப்பாவிடம் போய் நின்றேன். நீங்கள் எத்தனை காலைப் பார்த்திருக்கிறீர்கள், இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா, பிடித்துவைத்துக் கழற்றினால் என்ன, அவள் பிடிவாதம் பெரிதா உசுரு பெரிதா என்று கேட்டேன். தெரு கேட்கத்தான் கேட்டேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அவ கால்ல அதப் பிடுங்க எம்புட்டோ பேரு வந்தாக. நானும் அதுல ஒருத்தனா வரணுமாட்டி?"

அடுக்களைக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலையில் அப்பா வழக்கம்போல மருந்துத் தட்டோடு அம்மாவின் கட்டிலுக்குப் போனார். நான் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சுச் சத்தம் கேட்டது. கஞ்சிக் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். அப்பா பட்டாளத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடும்போது, பேண்டேஜ் சுருளைப் பிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தரிடமும், இது என் பெண்டாட்டி நெய்தது என்று அரைகுறை இந்தியில் சொல்வாராம். யார் நெய்ததோ, எந்த ஊர்த் துணியோ, அவருக்கு என்ன தெரியும்? சும்மா சொல்வாராம். கத்திக்கொண்டிருக்கிறவன்கூட ஒரு நிமிஷம் கத்துவதை நிறுத்திவிட்டு, அப்படியா, அவள் பார்க்க நல்லா இருப்பாளா என்று கேட்பானாம். ரொம்ப நல்லா இருப்பாள் என்று சொல்லி முடிப்பதற்குள் முடிச்சைப் போட்டுவிடுவாராம். இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கே இது புதுசு. பொய்க்காரர் என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் குனிந்து தன் இடது கால் சாக்ஸை உருவினார்.

வெள்ளை வெளேரென்று, வெயிலே படாத கால். தூக்கிக் கட்டிலின் மேல், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏட்டி, இந்த மெட்டி என்ன சொல்லுது? நான் உசுரோட இருக்கேன்னு சொல்லுது. இத்தன வருசம் நீ சுமந்து சொல்லிட்ட. இனி அத நான் சொன்னா ஆகாதா? குடு, நான் போட்டுக்கிடுதேன்."

அம்மா அவர் காலையே பார்த்தாள். பிறகு, ஆம்பிளை மெட்டி போடுவாகளா, ஊர் சிரிக்கும் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் குரலில் இருந்த பிடி தளர்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

"ஆண்டாள் போட்டுக் கழட்டுன மாலையப் பெருமாளே போட்டுக்கிடுதாரு. ஊரு அவரப் பாத்துச் சிரிக்கா? நீ ஆஸ்பத்திரிக்கு வாரேன்னு சொல்லு, நான் அந்த மேடைல ஏறுதேன்."

சாரல் நின்று, வெளியே துணிகளை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வலிக்காமக் கழட்டுங்க என்றாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கட்டரோடு வந்தார். அப்பா வேண்டாம் என்று தானே உட்கார்ந்தார். விரலை மரத்துப்போக வைக்க டாக்டர் ஊசி போட்டதும், சின்னக் குறட்டால் மெட்டியின் இரண்டு முனையையும் கொஞ்சம் கொஞ்சமாக நெளித்தார். கல்யாணத்தன்று அம்மி மேல் இந்தக் காலைத் தூக்கி வைத்து அவர் போட்ட மெட்டி. அது வெளியே வந்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அதைக் கழுவித் துடைத்துத் தன் இடது கால் விரலில் மாட்டினார். நெளித்து விரித்ததில் அது பெரிதாகியிருந்தது. கழன்றுவிடாமல் இருக்க ஒரு இழைப் பேண்டேஜைச் சுற்றி இறுக்கினார். அம்மா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். அப்புறம்தான் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் இடது கால் தரையில் மெள்ள மெள்ளத் தட்டிக்கொண்டே இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, அந்தச் சத்தம் தைரியமாகவும் இருந்தது.

இரண்டு விரலோடு போயிற்று. பாதம் பிழைத்தது, அம்மாவும் பிழைத்தாள்.

பதினைந்தாம் தேதிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு நான் போனேன். கோட்டு தோளில் தொளதொளவென்று இருந்தது, மெடல்கள் மின்னின. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், மைதானம் முழுக்கக் கொடிகள். மைக்கில் அப்பாவைப் பற்றி எழுதிவைத்து ஒரு டீச்சர் வாசித்தார். வீரம், தியாகம், எதிரி என்றெல்லாம் வந்தது. அப்பா யாரையோ பற்றிச் சொல்கிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டுப் போட்டவர், பிடித்துக்கொண்டவர் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

விளக்கேற்றக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறது வழக்கம். ஷூவை மட்டும் கழற்றினால் போதும் ஐயா என்று ஹெட்மிஸ்டிரஸ் சொன்னார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் ஜோடியாக வைத்தார். பிறகு நிதானமாக சாக்ஸையும் உருவினார். யாரும் அதைக் கேட்கவில்லை. வெறுங்காலோடு எழுந்து விளக்குக்கு நடந்தார். மேடைப் பலகையில் டக்கு டக்கென்று சத்தம் வந்தது.

முன்வரிசைப் பிள்ளைகள்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டியது. அவ்வளவுதான், சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று. தாத்தா மெட்டி போட்டிருக்கிறார்! எனக்குக் காது சுட்டது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று வந்தது. ஹெட்மிஸ்டிரஸ் அவர் காலைப் பார்த்துவிட்டு, குனிந்து ஏதோ கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் அப்பா சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது.

"என் வீட்டுக்காரியோடது. அவளுக்கு இப்பம் போட முடியல."

சொல்லிவிட்டு விளக்கை ஏற்றினார். திரிகள் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டன. சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள், கை தட்டினார்கள். அப்பா கொடிக்கு ஒரு சல்யூட் வைத்தார், வெறுங்காலோடு, குதிகால் இரண்டையும் சேர்த்து. என் அப்பா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். கேட்காதவரிடமும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் போர்வைக்குள் இருந்தது. பொன்னாடையைக் காட்டினார் அப்பா. அவள் அதைத் தொட்டுப் பார்த்து, ஜரிகை மட்டம் என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள். மேடையில் சாக்ஸைக் கழட்டுனாகளா என்று கேட்டாள். கழட்டினார் என்றேன். எல்லாரும் பார்த்தார்களா என்றாள். பார்த்தார்கள் என்றேன். மறைக்க மனசு வரவில்லை, பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் அம்மா என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஜன்னல் வெள்ளை அவள் முகத்தில் ஏறி ஏறி இறங்கியது. தறிக்குழிக்குள் இருந்தபோதும் அழாதவள் என்று பேர் வாங்கினவள், அன்றைக்கு என் கண்ணெதிரில் அழுதாள்.

"சிரிக்கட்டும். அன்னைக்கு ஊரே அவிய இல்லன்னு சொல்லுச்சு. நான் ஒருத்திதான் இருக்காகன்னு சொன்னேன். இன்னைக்கு ஊரே பாத்திருச்சுல்லா?"

அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கையைக் கழுவிக்கொண்டு வந்தார், மருந்துத் தட்டைப் பக்கத்தில் வைத்தார். பொன்னாடையை நாலாக மடித்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு புதுப் பேண்டேஜ் சுருளைப் பிரித்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போர்வையைத் தானே விலக்கி, கேட்காமலே, அந்தக் காலை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.